கீழறையில் பத்து நாள்

பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்த அவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் முத்திரை அக்கா. மேல்வகுப்பில் ஒரு பாடத்தை விட்டு இன்னொன்றுக்கு மாற நினைப்பவர்கள் அவள் மேசைக்குத்தான் வர வேண்டும். பள்ளி திறந்ததும் உயர்கணித வகுப்பில் முப்பத்திரண்டு பேர் இருப்பார்கள். இரண்டு மாதத்தில் பாதிப் பேர் அதைவிட எளிதான பொதுக்கணிதத்துக்கு மாறிவிடுவார்கள். படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தில் ‘நேரமின்மை’ என்று எழுதுவார்கள். அதை அவள் படிப்பதே இல்லை. முத்திரை குத்திக் கோப்பில் போட்டுவிடுவாள்.

பதினோரு வருடம் இப்படியே ஓடியது. அடுத்த வருடம் வந்த படிவங்களில் ஒன்று அவள் மகளுடையது. தோழியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். காலையில் அம்மாவோடு ஒரே பஸ்ஸில் வந்தவள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்த பெண்.

அம்மா முத்திரையை எடுத்தாள், வைத்தாள். மை டப்பாவைத் திறந்தாள், மூடினாள். கடைசியில் படிவத்தை மேசையின் கீழறையில் பழைய வருகைப் பதிவேட்டுக்கு அடியில் செருகிவிட்டாள்.

“படிவம் என்னாச்சும்மா?” என்று மகள் வீட்டில் கேட்டாள்.

“ஹெட்மிஸ்ட்ரஸ் கையெழுத்துப் போடணும்.”

பொய் சொன்ன பிறகு உட்கார முடியவில்லை. மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த கணவர், “கால்ல சக்கரம் கட்டிக்கிட்டியா என்ன?” என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனார். அவரிடமும் சொல்லவில்லை. ஏன் மாறுகிறாய் என்று மகளிடம் கேட்க நாலைந்து முறை வாயெடுத்தாள். என்ன பதில் வருமோ என்ற பயத்தில் அடக்கிக்கொண்டாள்.

பத்தாம் நாள் மகள் நேராகத் தலைமை ஆசிரியையிடம் போய்க் கேட்டுவிட்டாள். அவரிடம் படிவம் போகவே இல்லை. அங்கிருந்து அலுவலகத்துக்கு வந்து மேசைக்கு முன்னால் நின்றாள்.

“எங்கேம்மா என் படிவம்?”

அவள் கீழறையிலிருந்து எடுத்து வைத்தாள். “ஏன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.”

“நீ கேட்டிருக்கலாம்ல.” மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். “கஷ்டமா இருக்குன்னு ஓடலம்மா. சார் பலகைல மூணு வரி எழுதிட்டு, இது உங்களுக்குத் தெரிஞ்சதுதானேன்னு தாவிடுவாரு. முன் வரிசைல நாலு பேர் தலையாட்டுவாங்க. மூணாவது வரி எங்கேருந்து வந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. கையைத் தூக்கினா, முதல் மார்க் வாங்கினவளுக்கு இதுகூடத் தெரியலையாம்பாங்க. உயர்கணிதத்துல அறுபது வாங்கறதுக்குப் பொதுக்கணிதத்துல தொண்ணூத்தஞ்சு வாங்கலாம். காலேஜ்ல மார்க்கைத்தானே பாக்கறாங்க.”

அம்மா மை டப்பாவைத் திறந்தாள். முத்திரை குத்திக் கொடுத்தாள். மகள் மை காயும்வரைகூட நிற்கவில்லை.

மதிய இடைவேளையில் அவள் கோப்பைத் தூக்கிக்கொண்டு கணக்கு வாத்தியாரிடம் போனாள்.

“சார், இதெல்லாம் உங்க வகுப்பை விட்டுப் போனவங்க.”

“எல்லாருக்கும் கணக்கு வராதும்மா. சந்தேகம்னா கேக்கணும். வாய் இருக்குல்ல.”

“உங்ககிட்ட கேக்க வெக்கப்பட்டுத்தான் சார் எங்கிட்ட வராங்க. நான் எதுவும் கேக்கறதில்ல, அதான்.”

அவர் முகம் சுருங்கியது. இருந்தாலும் கோப்பை வாங்கி வைத்துக்கொண்டார். மறு திங்கட்கிழமை வகுப்பு வாசலில் ஒரு காலி சாக்பீஸ் டப்பா இருந்தது. புரியாத வரியைச் சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம். வகுப்பில் மிஞ்சியிருந்தவர்கள் பதினாறு பேர். முதல் நாளே இருபத்துமூன்று சீட்டு விழுந்தது. இரண்டில் முன்வரிசைக்காரர்களின் எழுத்து அடையாளம் தெரிந்ததாக அவரே வந்து சொன்னார். அதன்பின் அந்த வருடம் ஒருவர்தான் மாறினார்.

மகள் உயர்கணிதத்துக்குத் திரும்பிப் போகவில்லை. அம்மாவோடு சரியாகப் பேசவே மூன்று வாரம் ஆயிற்று. பொதுக்கணிதத்தில் தொண்ணூற்றாறு வாங்கி, ஆசைப்பட்ட கல்லூரியிலேயே சேர்ந்தாள். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு மட்டும் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. முதல் நாளே கேட்டிருந்தால் என்று ஒரு நேரம் தோன்றும். இன்னும் ஒரு வாரம் ஒளித்து வைத்திருந்தால் என்று இன்னொரு நேரம் தோன்றும். உடனே தன்மேலேயே எரிச்சல் வரும்.

இப்போது படிவம் நீட்டுகிறவர்களிடம், “எந்த இடத்துல சிக்கினே?” என்று கேட்கிறாள். சிலர் சொல்கிறார்கள். சிலர் முறைக்கிறார்கள். போன மாதம் ஒரு மாணவியின் அப்பா, ஆபீசில் விசாரணை நடக்கிறது என்று புகார் எழுதிக் கொடுத்தார். தலைமை ஆசிரியை கூப்பிட்டு, “உங்க வேலையை மட்டும் பாருங்க” என்றார்.

“சரிங்க மேடம்” என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கே இன்னும் இரண்டு பேரிடம் கேட்டாள்.