நிறைந்து வந்த போத்தல்கள்

அறுபதுகளில் நான் உயிர் இரசாயனம் படித்துக்கொண்டிருந்தபோது, படிப்பில் எங்களுக்கு வழிகாட்ட ஆளுக்கொரு விரிவுரையாளரை நியமித்திருந்தார்கள். எனக்கு வாய்த்தவர் சிரிக்கத் தெரியாத மனிதர். இறுதி ஆண்டில் தன் ஆய்வுகூடத்தில் ஒருவருக்குத்தான் இடம் என்றார். அந்த இடம் கிடைத்தால் ஆராய்ச்சி. கிடைக்காவிட்டால் சாதாரணப் பட்டம், பிறகு எங்காவது பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. எனக்கு அந்த இடம் வேண்டும். சாப்பாடு இறங்காத அளவுக்கு வேண்டும்.

விடுமுறைக்குக் கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஊரான அக்கராயனுக்குப் போகும்போது அவர் ஒரு பெட்டி நிறையப் பெரிய போத்தல்களைத் தந்துவிட்டார். புழுங்கல் அரிசி சாப்பிடும், பால் கொடுக்கும் தாய்மாரின் ஒருநாள் சிறுநீரைச் சேர்க்க வேண்டும். அதில் பி வைட்டமின் எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. ஒருத்திக்கு ஒரு போத்தல். இடம் கேட்ட எல்லோருக்கும் இதே வேலை; சரியாகச் செய்து வருபவருக்குத்தான் இடம்.

எங்கள் குடியேற்றக் கிராமத்தில் அந்த இடத்தைப் பற்றியும் சொல்லி வீடு வீடாகப் போய்க் கேட்டேன். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. அவர்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தார்கள். ஆனாலும் ஒருத்தியும் மறுக்கவில்லை.

மறுநாள் போத்தல்கள் வந்தன. அளந்து, சிறு குப்பிகளில் மாதிரி எடுக்க உட்கார்ந்தேன். ஏறக்குறைய எல்லாமே கழுத்துவரை நிறைந்திருந்தன. வெயிலில் களை பிடுங்கிவிட்டு வரும் பெண்களுக்கு இவ்வளவு போகவே போகாது. பக்கத்து வளவு அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, இது முழுக்க உங்கடைதானோ?"

"அரைவாசிதான் வந்தது பிள்ளை. மிச்சத்தை இவரும் மாமியும் நிரப்பிவிட்டவை. எல்லா வீட்டிலயும் அப்பிடித்தான். படிக்கிற பிள்ளையின்ர கையில குறைப் போத்தலை எப்பிடிக் குடுக்கிறது?"

வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காத சனம் அது. இதற்கும் அதே மரியாதையைச் செய்துவிட்டார்கள். கோபப்படவும் முடியவில்லை. அழுகைதான் வந்தது. திரும்பச் சேர்க்க நாள் இல்லை. மறுநாள் ரயில்.

அப்பாவிடம் சொன்னேன். அவருக்கும் அந்த இடத்தின் அருமை தெரியும்.

"அளந்தால் கலந்தது தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப கொண்டு போ. ஆர் கேக்கப் போகினம்?"

அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒருவருக்கும் தெரியாது. கிளிநொச்சியில் ஒரு மாமி, மாமனார், கணவன் எல்லோரும் சேர்ந்து ஒரு தாய் ஆகி, அந்தக் கணக்கை வைத்து யாரோ ஒரு டொக்டர் ஒரு குழந்தைக்கு மருந்து எழுதுவார். குறையாக வந்த சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் வேலிக்கு அப்பால் ஊற்றினேன். அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். ஸ்டேசன்வரை சைக்கிளில் கொண்டுவந்து விட்டவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

விரிவுரையாளர் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். என்னை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். "ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது" என்றார். இடம் வேறொருவனுக்குப் போனது. அவன் கொண்டுவந்தவை எண்ணிக்கையில் சரியாக இருந்தன.

அடுத்த விடுமுறையில் படலையைத் திறக்க முன்னரே பக்கத்து வளவு அக்கா வந்துவிட்டா.

"என்ன பிள்ளை, அந்த இடம் உனக்குத்தானே?"

"இல்லை அக்கா. வேற ஒராளுக்குக் குடுத்திட்டினம்."

அவாவின் முகம் விழுந்துவிட்டது. "ஏன், நாங்கள் தந்தது காணாதெண்டவையோ?"

முற்றத்தில் அப்பா விறகு கொத்துவதை நிறுத்திவிட்டார்.

"சீச்சீ, நீங்கள் தந்தது தாராளம் அக்கா. என்ர படிப்புத்தான் காணாது."

அவா என் கையைப் பிடித்துத் தடவிவிட்டுப் போனா. அப்பா கோடரியைக் கீழே வைத்தார்.

"வா பிள்ளை, சாப்பிடு" என்றார். போத்தல்களை ஊற்றிய நாளுக்குப் பிறகு அன்றுதான் அவர் என்னோடு பேசினார்.