கத்தாத பெட்டி

"நல்லா ஓடுற நிரலை ஏனடி கிண்டுறாய்?" எண்டு என்ர கூட்டாளி கேட்டாள். நாங்கள் ரெண்டு பேரும் மன்னார் டவுனில ஒரு அறை எடுத்து, மீன்பிடி வள்ளங்களுக்கு ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தனாங்கள். வள்ளம் இந்தியக் கடல் எல்லைக்குக் கிட்டப் போனால் அது கத்தவேணும். முதல் பெட்டி விடத்தல்தீவில, என்ர அண்ணாவின்ர வள்ளத்தில. அண்டைக்கு விடிய அதோட கடலுக்குப் போயிட்டார்.

பெட்டிக்குள்ள ஓடுறது சி மொழி நிரல். வள்ளத்தின்ர விபரமெல்லாம் ஒரு ஸ்ட்ரக்டில, ஒரே கட்டாய் இருக்கும். பெட்டி தொடங்கேக்க அதில ஒவ்வொண்டுக்கும் முதல் பெறுமதி போடவேணும். அதுக்கான வரியளை அவள் மூண்டு இடத்தில கொப்பி பண்ணி வைச்சிருந்தாள்: வள்ளத்தில முதல்தரம் பூட்டேக்க, பொத்தானை அமத்தித் திருப்பித் தொடங்கேக்க, கரண்ட் நிண்டு வரேக்க. அப்பிடிக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அந்த வரியளை ஒரு ஃபங்ஷனாய் ஒருக்கால் மட்டும் எழுதி, மூண்டு இடத்திலயும் அதையே கூப்பிடுவம் எண்டு மூண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்த்தன்.

மூண்டாவதில ஒரு வரி இல்லை. எல்லைக்கு எவ்வளவு தூரம் இருக்கேக்க கத்தவேணும் எண்ட வரி. அது பிறகு சேர்த்தது. ரெண்டு இடத்தில சேர்த்தவள் மூண்டாவதை மறந்துபோனாள். போடாத இடத்தில சைபர்தான் நிக்கும். சைபர் எண்டால் எல்லையைத் தொட்டாலும் பெட்டி கத்தாது.

"கரண்ட் ஏன் நிக்கப்போகுது? பற்றரி புதுசு" எண்டாள். ஐயோ, எனக்கு எங்கட வள்ளக்காரரைத் தெரியாதோ? ஃபோனில சார்ஜ் இறங்கினால் பெட்டியின்ர வயரைக் கழட்டிப்போட்டு ஃபோனைக் கொளுவுவினம். பிறகு பெட்டியைத் திருப்பிக் கொளுவ, பச்சை லைற் எரியும். எல்லாம் சரி எண்டு நினைப்பினம்.

அண்ணாவுக்குத் திருப்பித் திருப்பி ஃபோன் அடிச்சன். லைன் போகேல்லை. எல்லை தாண்டிப் பிடிபட்டவையின்ர வீடுகளை நான் பார்த்திருக்கிறன், அதுதான் பயம். அந்த ஃபங்ஷனை எழுதி முடிச்சன். மூண்டும் ஒண்டாச்சு. கடலுக்குப் போன பெட்டிக்கு அதால என்ன பிரயோசனம்?

பின்னேரம் விடத்தல்தீவுக் கரையில போய் நிண்டன். வள்ளத்தைக் கண்டோடனதான் மூச்சு வந்தது. அண்ணா மீனைக் காட்டிச் சிரிச்சார்.

"உன்ர பெட்டி சோக்கான சாமானடி. ஃபோனுக்கு ஒருக்கால் கழட்டிக் கொளுவினனான், பிறகு ஒரு சத்தமும் இல்லை. கத்தேல்லைத்தானே எண்டு இன்னும் தள்ளிப்போய் வலை விட்டனாங்கள். நாளைக்கும் அங்கதான்."

நான் வள்ளத்தில ஏறி, பெட்டியைப் பிடுங்கினன்.