சிவந்தியின் முழங்காலுக்காக ஒரு சறுக்குப் பலகை

வியாசர்பாடி வரதன், மணலியில் ஒரு ஜப்பான் கம்பெனியில் பதினொரு வருஷமாக நிரந்தரத் தொழிலாளி. பிரேக் கோக்கிற வேலை. அதற்கு முன் இருந்த பட்டறைகளில் ஒரு பொருள் பழுதானால் "எவன்டா கெடுத்தது?" என்பார்கள். இங்கே "ஏன் கெட்டது?" என்று கேட்டார்கள். மேலாளர் ஹிரோசே கேன்டீனில் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்று அதே சாம்பார் சாதத்தை வாங்கித் தின்றார். மனிதனை மனிதனாக நடத்துவது ஒன்றும் பெரிய கொடையல்ல. ஆனால் முப்பத்தைந்து வயதுவரை அது கிடைக்காதவர் வரதன். கம்பெனியை முழுதாக நம்பிவிட்டார்.

அவர் வேலைபார்த்த அசெம்பிளி வரிசையில் நாலு பேர். நாலாவது சிவந்தி, புளியந்தோப்பு ஹவுசிங் போர்டுக்காரி, கான்ட்ராக்ட் ஆள். பின்னாலிருந்த ரேக்கிலிருந்து ஸ்பிரிங் பெட்டிகளை எடுத்துவந்து மற்ற மூவருக்கும் கொடுப்பாள்.

"முட்டி வுட்டுப்போச்சுண்ணா. ஷேர் ஆட்டோல ஏறசொல்லோ காலத் தூக்க முடியல."

"எவ்ளோ நடக்கிறே?"

"எண்ணிக்கினா நடப்பாங்க? நீ வேணா எண்ணு."

எண்ணினார். ஒரு ஷிப்டுக்கு ஆறாயிரம் காலடிக்கு மேல்.

மாதம் ஒரு யோசனை எழுதிக் கொடுப்பது அங்கே வழக்கம், கைசன் என்பார்கள். வரதன் பழைய பைப்பை அறுத்து, ரேக்கிலிருந்து மேஜைவரை ஒரு சறுக்குப் பலகை செய்தார். பெட்டி தானே வழுக்கிவந்து கைக்கெட்டும் இடத்தில் நிற்கும். எவ்வளவு சரிவு வேண்டும் என்று சொன்னவள் சிவந்திதான். சொல்லிவிட்டுப் பயந்தாள்.

"நடையே இல்லேன்னா நான் எதுக்குண்ணா? பேஜாரா பூடப்போவுது."

"நம்ம யோசனையால ஒருத்தர் வேலையும் போவாதுன்னு ஹிரோசே மொத நாளே சொல்லிக்கீறாரு. வேற எடத்துல போடுவாங்க. நான் சொல்றேன், நம்பு."

நம்பினாள்.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை, அவளை கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரதன் நேரே ஹிரோசேயின் அறைக்குப் போனார். பணியாளர் பிரிவு ஜெனிஷ் மொழிபெயர்த்தான்.

"வார்த்தை தவறலியே வரதன். கம்பெனி ஆள் ஒருத்தரையும் வேலைய விட்டு எடுக்கல. அந்தம்மா கான்ட்ராக்டரோட ஆளு."

ஹிரோசே தலைகுனிந்தார். உண்மையிலேயே வருந்தினார் என்றுதான் தோன்றியது. எந்தப் பிரச்சினைக்கும் ஐந்து முறை 'ஏன்' கேட்கச் சொல்லித் தந்தவர் அவர். வரதன் இரண்டாவது 'ஏன்' கேட்டபோது ஜெனிஷ் அதை மொழிபெயர்க்கவில்லை.

கொடுத்த வாக்கு பொய்யில்லை. அதுதான் வரதனை அரித்தது. வாக்கைச் சுற்றி ஒரு வேலி இருந்திருக்கிறது. உள்ளே நின்றவருக்கு அது கண்ணில் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புளியந்தோப்புக்குப் போனார். சிவந்தி மாடிப்படியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வா நைனா. முட்டி வலி சுத்தமா வுட்டுச்சு. நல்லா வைத்தியம் பண்ணே."

"சத்தியமா எனக்குத் தெரியாது சிவந்தி."

"தெரியாதா? நீங்கோ துண்ணு முடிச்ச பொறவுதான எங்க கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு கேன்டீன் மணி அடிப்பான்? பதினோரு வருசமா அந்த மணி உன் காதுல வுழலியா?"

 அவள் அவரை உட்காரச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வரிசையில் தன் இடத்தில் நின்றார். பலகையில் ஒரு குறை கண்டால் போதும், கழற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம், நாலாவது ஆளைத் திரும்பக் கேட்கலாம். ஷிப்டு முடியும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தார். ஒரு பெட்டிகூடச் சிக்கவில்லை.