புல்லாங்குழலுக்கு விட்ட இடம்

போன சனிக்கிழமையின் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. அதனால் உங்களிடம் கொட்டிவிடுகிறேன்!

அரூரில் ஒரு பள்ளியில் சனிக்கிழமைதோறும் நான் இசை வகுப்பு எடுப்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருடம் பிள்ளைகளுக்காக ஒரு ஆர்கெஸ்ட்ரா இசைக்கோவை எழுதினேன். எழுதியதெல்லாம் எளிமையாகத்தான். வயலின் பிள்ளைகளுக்கு விரலே வைக்க வேண்டாத தந்திகள். டிரம்முக்கு நடந்து போகிற வேகம். கீபோர்டுக்கு ஒரு கை போதும்.

ஆனால் ஒரு பிடிவாதம் வைத்திருந்தேன். எவ்வளவு சின்ன பாகமானாலும் அது அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான், இன்னொருவர் அதைத் தொடக்கூடாது. ஒருவர் குறைந்தாலும் தெரிய வேண்டும்... இல்லையென்றால் எதற்குச் சேர்ந்து வாசிப்பது?

நடுவில் எல்லோரும் அடங்கி, புல்லாங்குழல் மட்டும் ஒலிக்கும் இடம் ஒன்று உண்டு. அது வெண்ணிலாவுடையது. சித்தேரி மலையிலிருந்து பஸ் பிடித்து வருகிற எட்டாம் வகுப்புப் பெண்.

போன சனிக்கிழமை பள்ளி விழாவில்தான் அரங்கேற்றம். அதற்கு அவள் அப்பாவும் வந்திருந்தார். மலைக்காட்டில் சாமையும் ராகியும் போடுகிறவர். வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாமல் நின்றார்.

"டீச்சருங்களா? பாப்பா வூட்ல ஊதறப்ப நடுநடுவுல நிறுத்திட்டு, கால்ல தாளம் போட்டுக்கிட்டு நிப்பாளுங்க. ஏன் பாப்பா சும்மா நிக்கறேன்னா, 'இப்ப மத்தவங்க வாசிக்கறாங்கப்பா'ங்கறா. அங்க ஒருத்தரும் கெடையாது! அந்த மத்தவங்கள ஒரு தபா கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேங்க."

என் இசையைக் கேட்க இதைவிடச் சரியான காரணத்தோடு யாரும் வந்ததில்லை.

விழா மூன்று மணிக்கு. சிறப்பு விருந்தினர் வரவில்லை.

தலைமை ஆசிரியர் போனும் கையுமாக அலைந்தார். "இதோ வந்துட்டாருங்க மேடம், அஞ்சே நிமிஷம்." அந்த ஐந்து நிமிடம் நீண்டுகொண்டே போனது. என் வாத்தியக்காரர்கள் எங்கே தெரியுமா? பூத்தட்டோடு பள்ளி கேட்டில், இரண்டு வரிசையாக, வெயிலில்! டிரம் பையனும் அங்கேதான் — கார் வந்ததும் முழக்க வேண்டுமாம்.

"மலைக்குக் கடைசி பஸ் போயிடும் சார். பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு தடவை வாசித்துவிடுகிறோமே" என்றேன்.

"விருந்தினர் வர்ற நேரத்துல கேட்ல ஆள் இல்லைன்னா நல்லா இருக்குங்களா மேடம்?"

கெட்ட மனிதர் இல்லை. அந்த விருந்தினர் மனசு வைத்தால் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கிடைக்கும். அந்தக் கவலை அவருக்கு. ஆனால் நம் ஊர் விழாக்களில் மட்டும் ஏன் இப்படி? யாருக்காக விழாவோ அவர்கள் வாசலில் நிற்கிறார்கள். யாருக்காக நிற்கிறார்களோ அவர் வழியில் இருக்கிறார்...

பஸ் நேரமாகிவிட்டது. "ராத்திரி எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளுங்களேன்" என்றேன்.

"மாடு கன்னு போடற நேரமுங்க. அவங்கம்மா ஒண்டியா இருக்கா."

"பாப்பாவையாவது விட்டுட்டுப் போங்க. நாளைக்கு நானே கொண்டு வந்து விடுகிறேன்."

அவர் மகளைப் பார்த்தார். அவள் அதற்குள் புல்லாங்குழலைத் துணிப்பைக்குள் வைத்துவிட்டாள்.

"அப்பா கேக்கறதுக்குத்தான் மிஸ் இத்தன நாளு..." முடிக்கவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"வுடுங்க டீச்சர், இன்னொரு நாளைக்குக் கேட்டுக்கறேன்" என்று அவர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் போன பிறகுதான் கார் வந்தது. டிரம் முழங்கியது. பூ விழுந்தது. பொன்னாடைகள், வரவேற்புரை, பேச்சு... எல்லாம் முடிந்து எங்கள் முறை.

கீபோர்டு வாசிக்கும் யாஸ்மினைத் தனியாகக் கூப்பிட்டேன். "கீபோர்டில் புல்லாங்குழல் சத்தம் இருக்கே, அந்த இடத்தில் நீ வாசித்துவிடுகிறாயா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அது அவ பாகம் மிஸ். நீங்கதான யாரும் தொடக்கூடாதுன்னீங்க?"

வாசித்தார்கள். நன்றாகவே வாசித்தார்கள். அந்த இடம் வந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள். வில்கள் தந்திக்கு மேலே நின்றன. அரங்கம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகளின் கால்கள் மட்டும் தாளம் எண்ணிக்கொண்டிருந்தன. நான் கையை இறக்கவில்லை. பார்வையாளர்களைத் திரும்பிப் பார்க்கவும் துணியவில்லை. எண்ணி முடித்ததும் மறுபடி சேர்ந்து வாசித்து முடித்தார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் விருந்தினர் மேடைக்கு வந்து பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்தார். "பிரமாதம்! நடுவுலதான் கொஞ்ச நேரம் ஒண்ணுமே கேக்கல. மைக் நின்னுடுச்சா?"

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் யாஸ்மின் முந்திக்கொண்டாள்:

"மைக்கெல்லாம் நல்லாத்தாங்க சார் இருக்கு. அது வெண்ணிலா பாகம். உங்களுக்காகக் காத்திருந்து பாத்துட்டு, அவ வூட்டுக்குப் போயிட்டா சார்."