செல்வி அக்காவுக்குச் சொல்லாத வசனம்

இளஞ்சூட்டில் தேங்காய் எண்ணெயை உச்சியில் வைத்து அழுத்தும்போது ஒரு சொட்டு வழிந்து காதுக்குப் பின்னால் இறங்குமே, அந்தச் சூட்டோடுதான் என் பத்தாவது வயது நினைவுக்கு வருகிறது. பெரிய காஞ்சிபுரத்தில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு முட்டுச்சந்தில் குடியிருந்தோம். அம்மா ஒரு நர்சிங் ஹோமில் வேலை செய்ததால் வீடு திரும்ப நேரமாகும். பள்ளி விட்டு வரும் எனக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு, தின்ன ஏதாவது தருவது பக்கத்து வீட்டுச் செல்வி அக்காதான். அவருடைய கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டினார். கல்யாணமாகி ஏழு வருடமாகியும் குழந்தை இல்லை. "நீதான்டி என் பொண்ணு" என்பார் அக்கா. நான் அதை அப்படியே நம்பியிருந்தேன்.

பிறகு தினேஷ் பிறந்தான். இரட்டைப் பின்னல் ஒற்றையானது, சில நாளில் அதுவும் நின்றது. "நீயே வாரிக்கோ பாப்பா, இவன் வுட மாட்றான்" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார். அவன் சிரிப்பைப் பார்க்கச் சந்தே கூடும், நான் போகமாட்டேன். ஐந்தாம் மாதம், விடாத மழையில், காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் போய்விட்டான். எல்லாரும் அழுதபோது நானும் அழுதேன். ஆனால் இனி அக்கா எனக்குத்தான் என்று உள்ளுக்குள் ஓர் எண்ணம் எழுந்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அக்கா எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஒருநாள் மாலை அவனுடைய சட்டைகளை மடியில் போட்டு மடித்துக்கொண்டே கேட்டார்.

"உங்க சர்ச்சுல, செத்துப்போன கொழந்தைங்கல்லாம் எங்க போவுதுன்னு சொல்றாங்க பாப்பா?"

‘ஞானஸ்நானம்’ பெறாதவர்கள் பரலோக ராஜ்யத்துக்குள் நுழைய முடியாது என்று ஞாயிறு பள்ளி டீச்சர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன்.

"அவனுக்கு ஒரு பாவமும் தெரியாதேம்மா."

"தெரியாட்டியும் அப்படித்தான்க்கா."

அந்த நேரத்தில் எனக்கு வேறொரு பைபிள் வசனமும் தெரியும். குழந்தைகளைத் தடுக்க வேண்டாம், அந்த ராஜ்யமே அவர்களைப் போன்றவர்களுடையது என்ற வசனம். அந்த வருடக் கோடை விடுமுறையில்தான் அதை மேடையேறிப் பிழையில்லாமல் ஒப்பித்து ஒரு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியிருந்தேன். நாக்கு நுனிவரை வந்தது. அக்கா என் முகத்தைப் பார்க்காமல் அந்தச் சின்னச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் விழுங்கிவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து அக்காவின் கணவர் அம்மாவிடம் வந்து நின்றார். "சோறே எடுக்க மாட்டேங்குதுக்கா. ‘என் புள்ளைய உள்ள வுட மாட்டாங்களாமே’ன்னு எந்நேரமும் பொலம்பிக்கினு இருக்குது." அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அந்தச் சனிக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டார். "உங்க ஐயர்கிட்ட என்னை இட்டுக்கினு போறியா?" எங்கள் சபைப் போதகரை நாங்கள் ‘ஐயர்’ என்றுதான் சொல்வோம். கூட்டிப்போனேன். செத்துப்போன குழந்தைக்கு இனிமேல் ஞானஸ்நானம் கொடுக்க முடியுமா என்று அக்கா கேட்டதும் ஐயர் திகைத்துப்போனார்.

"யாரும்மா உங்ககிட்ட இப்படிச் சொன்னது?"

அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "யாரோ சொன்னாங்க ஐயா. பேரு ஞாபகமில்ல."

"அந்த ராஜ்யமே கொழந்தைங்களுதும்மா. அவன் உள்ளதான் இருக்கான். நாமதான் இன்னும் வெளிய நிக்கிறோம்" என்ற ஐயர், நான் பரிசு வாங்கிய அதே வசனத்தை மெதுவாகச் சொன்னார். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.

திரும்பி வரும்போது கேட்டார். "இது உனக்குத் தெரியாதா பாப்பா?"

"தெரியாதுக்கா."

"சின்னப் பொண்ணு, உனக்கு எப்படித் தெரியும்" என்று தாமே பதிலும் சொல்லிக்கொண்டு, வழியில் ஒரு பெட்டிக்கடையில் எனக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தந்தார். நானும் தின்றேன்.

அடுத்த வருடம் அவர்கள் வாலாஜாபாத்துக்குக் குடிபோனார்கள். இத்தனை காலம் கழித்து, போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அக்காவே என்னை அடையாளம் கண்டுகொண்டார். கூடவே கல்லூரியில் படிக்கும் மகள். "இந்த அக்காதான்டி என்னை ஐயர்கிட்ட இட்டுக்கினு போனது. உங்கண்ணன் நல்லா இருக்கான்னு எனக்குத் தெரிய வெச்சதே இதுதான். இல்லன்னா நான் அன்னிக்கே போயிருப்பேன்" என்றார். அந்தப் பெண் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "எந்த பஸ்ஸுக்கு நிக்கிறீங்க?" என்றுதான் வந்தது.

அந்த முட்டுச்சந்து இப்போது ஒரு பட்டுக்கடையின் கார் நிறுத்துமிடம். ஐயர் காலமாகிவிட்டார்; அந்த டீச்சர் எங்கே இருக்கிறாரோ தெரியாது. ஞாயிறு பள்ளி எடுக்கச் சொல்லிச் சபையில் இரண்டு முறை கேட்டார்கள், வேலை அதிகம் என்று தட்டிக்கழித்துவிட்டேன். அன்று நடந்ததை முழுக்க அறிந்தவர்கள் என்னைத் தவிர இந்த ஊரில் யாரும் இல்லை. அக்கா என்றைக்காவது மகனைப் பார்க்கப் போவார், என்னைப் பற்றி அவனிடம் நல்லபடியாகத்தான் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தினேஷுக்கு உண்மை தெரிந்திருக்கும்.