ரதியின் கையும் கண்ணும்

தங்கை நிரூபாவுக்குக் கிடைத்த நல்லதுகள் எல்லாவற்றுக்கும் கண்ணூறு கழித்தவள் ரதிதான். மூத்த பிள்ளை பிறந்தபோது செத்தல் மிளகாயும் உப்பும் கையில் பொத்தி, பிள்ளையின் தலையைச் சுற்றினாள். முதல் கார் வந்தபோது காரைச் சுற்றினாள். விட்பியில் புது வீடு வாங்கியபோது, முழங்கால் நோவோடு அந்த வீட்டையும் சுற்றி வந்தாள். "அக்கான்ர கை நல்ல கை" என்று நிரூபா வாறவர் போறவருக்கெல்லாம் சொல்லுவாள். கை நல்ல கைதான், அதில் பிழை சொல்ல முடியாது. கண்ணைப் பற்றித்தான் யாரும் விசாரிக்கவில்லை.

ரதி இருப்பது மோர்னிங்சைட்டில், ஒரு பழைய மாடிக் கட்டடத்தில். புருஷன் ஜெயரட்ணத்துக்கு வெயர்ஹவுஸ் வேலை. ரதிக்குச் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் டேகெயார் ஒன்றின் குசினியில் வேலை. விடியப் போனால் மத்தியானம் வரை அப்பிள் வெட்டுவதும் கோப்பை கழுவுவதும்தான். நிரூபா கனடாவுக்கு வந்து இறங்கியதே அந்த மாடி வீட்டுக்குத்தான். படுக்கச் சோபாவைக் கொடுத்து, குளிருக்குத் தன் ஜக்கெற்றைக் கொடுத்து, கொலிஜில் சேர்த்து, கிருபனைப் பார்த்துக் கட்டியும் வைத்தவள் ரதி. இவ்வளவும் செய்தவளுக்கு ஒரு படி மேலே நிற்க ஆசை இருக்காதா? ஆனால் நிரூபா நின்று திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டே போனாள்.

ரதிக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று, வாவிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்குகிற கோடைகாலத்துக் காம்பிங். அதில் அவள்தான் ராணி. பனி கொட்டுகிற மாதத்திலேயே கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தி, வாவிக்கரையோடு ஒட்டிய நல்ல இடமாகப் பார்த்துப் பதிந்துவிடுவாள். டென்ற் அவளுடையது, அடுப்பு அவளுடையது, புட்டுப்பானையும் அவளுடையது. யார் எந்த மூலையில் படுப்பது என்பதையும் அவளே சொல்லுவாள். விட்பியில் நாலு அறை வீட்டுக்காரியான நிரூபாகூட அங்கே அக்கா காட்டிய இடத்தில்தான் பாய் விரிக்க வேண்டும். வருஷத்தில் அந்த ஒரு கிழமை ரதிக்குச் சோறு தண்ணி இல்லாமலே வயிறு நிறைந்திருக்கும்.

அந்த ராச்சியத்துக்குள்தான் ஆர்வி வண்டி வந்து நின்றது.

"அக்கா, ஒரு சாமான் வாங்கியிருக்கிறம். அத்தானோட வந்து பாருங்கோவன்" என்று நிரூபா போனில் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், டிரைவ்வேயை அடைத்துக்கொண்டு வெள்ளை வெளேரென்று ஒரு வீடே சக்கரத்தில் நின்றது. பழையதாம், ஆனால் பழசு என்று சொல்லவே முடியாது. உள்ளே அடுப்பு, பிரிட்ஜ், கை கழுவத் தொட்டி, கதவு சாத்திய கக்கூஸ். யன்னலோரமாக, நீலத் திரை தொங்குகிற ஒரு கட்டில். படுத்தபடியே வாவியைப் பார்க்கலாம். ரதிக்கு வயிறு பற்றி எரிந்தது.

"என்ன வடிவாக் கிடக்கு!" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுடைய பல்லுத்தான் சிரித்தது.

"முதல் கில்பேர் பார்க்குக்குப் போவம் அக்கா. அங்கையிருந்து மனிற்றூலின் தீவுப் பக்கம். இதிலை ஆறு பேர் வடிவாப் படுக்கலாம்" என்றாள் நிரூபா.

நிரூபா, கிருபன், பிள்ளைகள் இரண்டு பேர். மிச்சம் இரண்டு பேருக்கு அந்த நீலத் திரைக் கட்டில். ரதி மனதுக்குள் தலையணையும் போட்டு முடித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து நிரூபா சொன்னாள்: "இந்தக் கட்டிலுக்குக் கிளடிஸுக்கும் மனுசனுக்கும் சொல்லிப்போட்டன். பாவம், அதுகள் ஒரு இடமும் போறேல்லை. நீங்கள் உங்கட டென்ற்றைக் கொண்டந்து பக்கத்திலை அடியுங்கோ. உங்களுக்கு டென்ற் எண்டா உயிரெல்லோ."

கிளடிஸ் பக்கத்து வீட்டுக்காரி. விட்பிக்கு வந்த பிறகு நிரூபாவுக்குக் கிடைத்த சிநேகிதி. நேற்று வந்தவளுக்குக் கட்டில், சோபா கொடுத்துச் சேர்த்த அக்காவுக்கு நிலம்.

"டென்ற் எண்டா எனக்கு உயிராமே" என்று வீட்டுப் படியேறும்போதுதான் வெடித்தாள்.

"நீர்தானே வருஷா வருஷம் அப்பிடிச் சொல்லுறனீர்" என்றார் ஜெயரட்ணம். அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு பின்னேரம் தவறாமல் நிரூபா போன் எடுத்தாள். எதைக் கொண்டுபோவது, எங்கே நிற்பது, எல்லாம் அக்காவைக் கேட்டுத்தான். ரதியும் நல்ல பிள்ளையாக ஆலோசனை சொன்னாள். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நஞ்சு கலந்திருந்தது.

"அந்த ரோட்டு சரியான வளைவு. கிருபன் உந்தப் பெரிய சாமானை ஓட்டுவானே?"

"ஓட்டுவார் அக்கா."

"அந்தக் கக்கூஸ் தண்ணியைக் கழுவி ஊத்துறது ஆர்? கிளடிஸ் செய்வாவோ?"

நிரூபா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பைக் கேட்க ரதிக்கு இன்னும் எரிந்தது. மறுநாள் குசினியில் அப்பிள் வெட்டும்போது கத்தியை நிறுத்திவிட்டு, வாய்க்குள் அல்ல, மெல்லிய சத்தமாகவே சொன்னாள்: "ஏதாவது ஒண்டு உடையட்டும்."

உடைந்தது. முதலில் பிரிட்ஜ் குளிரவில்லை. திருத்தி எடுக்க, வெளியே விரிக்கிற பந்தல் துணி காற்றில் கிழிந்தது. அதைத் தைத்துக் கட்ட, ரயர் ஒன்று நின்ற இடத்திலேயே காற்றுப் போய்ச் சப்பளிந்தது. ஒவ்வொரு முறையும் ரதி "ஐயோ" என்றாள். முதலாவது ஐயோவில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. மூன்றாவதில் பயம் மட்டும்தான். இது யாருடைய கண் என்று அவளுக்குத் தெரியும்.

தனக்கும் தெரியும் என்றுதான் நிரூபா நினைத்தாள்.

"அக்கா, இது கிளடிஸின்ர கண். முதல் நாளே வந்து பாத்திட்டு, எங்களுக்கு உப்பிடி ஒண்டு எப்ப கிடைக்குமோ எண்டு பெருமூச்சு விட்டவ. சனிக்கிழமை வந்து கழிச்சு விடுங்கோ. நெருப்பிலை போட்ட மிளகாய் மணந்து எல்லாரும் இருமினா, கண்ணூறு ஒண்டுமில்லை. மணக்காட்டி, அவதான். ஏதாவது சாட்டுச் சொல்லி அவவை மறிச்சுப்போடுவன். நீங்களும் அத்தானும் அந்தக் கட்டிலுக்கு வாங்கோ. பக்கத்து வீட்டுப் பழக்கத்தையும் இதோட விட்டிடுவன்."

ரதி பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்தாலே போதும், கட்டில் வந்து சேரும். இதைவிடச் சுகமான வேலை உலகத்தில் உண்டா?

சனிக்கிழமை போனபோது கிளடிஸும் அங்கே நின்றாள். சும்மா வரவில்லை, ஒரு தட்டு கட்லட்டோடு வந்திருந்தாள். "ரதியக்கா, நீங்கள் வந்தா ஒரு குறையும் வராது. நிரூபா எப்பவும் உங்கட கதைதான்" என்று கையைப் பிடித்தாள். ரதிக்கு அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை.

பிள்ளையின் தலையைச் சுற்றக் கை போதும். ஆர்வியைச் சுற்றக் கால் வேண்டும். செத்தல் மிளகாயையும் உப்பையும் பொத்திக்கொண்டு ரதி மூச்சு வாங்க நடந்தாள். "ஊர்க்கண் போக, அயல்கண் போக" என்று முணுமுணுத்தாள். அடுத்தது உறவுக்கண். ஒவ்வொரு சுற்றிலும் அதைச் சொல்லாமல் விழுங்கினாள். பொத்திய கை இறுகிக்கொண்டே போனது. மூன்றாவது சுற்று முடிந்தபோது மிளகாயெல்லாம் உள்ளங்கையில் நொறுங்கிப் போயிருந்தது.

கிருபன் பார்பிக்யூ அடுப்பைப் பற்றவைத்திருந்தான். ரதி கையை விரித்துக் கொட்டினாள். உப்பு வெடித்தது. மிளகாய் கறுத்துப் புகைந்தது. எல்லாரும் காத்து நின்றார்கள். காற்று புகையை வேலிக்கு அப்பால் அள்ளிக்கொண்டு போனது. ஒரு மணமும் இல்லை. ஒருவரும் இருமவில்லை.

நிரூபா அக்காவைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பிக் கிளடிஸைப் பார்த்தாள். அந்த அப்பாவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கட்லட் தட்டை ஏந்தியபடி, கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றாள்.

ரதி இருமினாள்.

முதல் இருமல் பொய்யென்று அவளுக்கே கேட்டது. அதனால் இன்னும் பலமாக, குனிந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள். "அம்மாடி, என்ன நெடி! மூக்கெல்லாம் அடைக்குது. ஒரு கண்ணூறும் இல்லையடி, ஒருத்தற்ற கண்ணும் இல்லை!" என்று சொல்லி, அது நிஜம்போல் இருக்கட்டும் என்று இரண்டு கண்ணையும் கையால் கசக்கினாள். மிளகாய் நொறுங்கிய அதே கை.

அடுத்த நிமிஷம் அவள் போட்ட சத்தம் பொய்யில்லை. கண்ணுக்குள் அடுப்பையே கவிழ்த்துக் கொட்டியது போல் இருந்தது. கிருபன் ஒரு பக்கம் ஓட, நிரூபா "ஐயோ அக்கா" என்று இன்னொரு பக்கம் ஓட, ரதியின் தோளை அணைத்துப் பிடித்து உள்ளே ஏற்றியவள் கிளடிஸ். ஆர்வியின் சின்னத் தொட்டியில் வைத்துக் கண்ணில் தண்ணீர் அடித்து அடித்துக் கழுவினாள். பிரிட்ஜிலிருந்து பால் எடுத்துத் துணியில் நனைத்து ஒற்றினாள். பிறகு மெல்ல நடத்திக்கொண்டுபோய் எதிலோ சரித்துப் படுக்க வைத்தாள். ரதியின் கையில் திரைத் துணி தட்டுப்பட்டது. எந்தக் கட்டில் என்று விளங்கியது.

வெளியே நிரூபாவின் குரல் கேட்டது: "நான் சும்மா பயந்திட்டன். அக்கான்ர கை எண்டா கைதான்!"

கிளடிஸ் ரதியின் காலைத் தூக்கிக் கட்டிலில் நீட்டிவிட்டாள். "ரதியக்கா, நான் என்ர மனுசனிட்டை ஏற்கெனவே சொல்லிப்போட்டன். இந்தக் கட்டிலிலை நீங்கள் படுங்கோ. உங்களுக்கு முழங்கால் நோவெல்லோ. நாங்கள் டென்ற்றிலை படுக்கிறம், எங்களுக்கும் ஆசைதான். டென்ற்றை மட்டும் தருவியளோ?"

மெத்தை நல்ல மெதுமெது என்று இருந்தது. எவ்வளவு முயன்றும் ரதியால் கண்ணைத் திறந்து அதைப் பார்க்க முடியவில்லை. இப்படி ஒரு நல்ல மனது இவளுக்கு எங்கிருந்துதான் கிடைத்ததோ என்று, இவ்வளவு எரிச்சலுக்கு நடுவிலும் அவளுக்குக் கிளடிஸ் மேல் பொறாமையாக இருந்தது.