வகிட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

என் வீட்டுக்காரர் பேச்சிராஜுக்கு விதைக்கடையில் வேலை. மக்காச்சோள மூட்டை வந்து இறங்கினால், ஒரு கைப்பிடி எடுத்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்து, முளை விட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அதை விற்பார். கடைக்கு அது நல்ல குணம். வீட்டில் அதோடு குடும்பம் நடத்துகிறவளுக்குத்தான் தெரியும். மிக்ஸி வாங்கப் போனபோது ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தார். கடையில் அரைத்த மாவை வீட்டுக்கு எடுத்து வந்து, மறுநாள் இட்லி நன்றாக வந்த பிறகுதான் பணம் கொடுத்தார்.

அவர் வாழ்க்கையில் சோதித்துப் பார்க்காமல் சரி என்று சொன்னது என்னை மட்டும்தான். பெண் பார்க்க வந்த அன்று காபித் தட்டை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். இடுப்பைத் தாண்டிய என் சடையைப் பார்த்தார், அவ்வளவுதான். இந்த ஜெயசித்ராவின் வாயையும் கொஞ்சம் சோதித்திருக்கலாம் என்று அவருடைய அண்ணன் பிற்பாடு சொன்னதாகக் கேள்வி.

அந்தச் சடைதான் எனக்குத் தலைவலி. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமான தலைவலி. தென்காசியில் ஆபீஸ் வேலை எனக்கு. காலையில் தலைக்குக் குளித்தால் மத்தியானம் வரைக்கும் காயாது. ஈரத்தோடு கொண்டை போட்டு பஸ் ஏறினால் ஜாக்கெட் முதுகெல்லாம் நனைந்து, தலையில் நீர் கோத்து, ஃபைலைப் பார்த்தாலே கண் கூசும். ஐப்பசி மழை பிடித்த பிறகு என்னால் முடியவில்லை. தோளோடு வெட்டிவிடப் போகிறேன் என்றேன். அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்புறம், முடி காயவைக்கிற மெஷின் ஒன்று வாங்குவோம், அவசரப்படாதே என்றார். அவசரப்படாதே என்று அவர் சொன்னால் மாசக்கணக்கில் இழுக்கும் என்று அர்த்தம்.

தாவீது அண்ணாச்சியின் எலக்ட்ரிகல் கடையில் ஹேர் டிரையர் இரண்டு வகை இருந்தது. கறுப்பு எண்ணூறு ரூபாய். சிவப்பு நாலாயிரத்துச் சொச்சம். சீக்கிரம் காயவைக்கும், முடியும் கருகாது என்று அட்டையில் போட்டிருந்தது. அட்டையை நம்பினால் அவர் பேச்சிராஜா? சாயங்காலம் ஆனால் கடைக்குப் போவார், இரண்டையும் ஓடவிட்டு உள்ளங்கையில் காற்று வாங்குவார், வெறுங்கையோடு திரும்புவார். தீபாவளி போய்க் கார்த்திகை பிறந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை ஏதாவது ஒன்று வீட்டுக்கு வராவிட்டால் நான் நேராக பியூட்டி பார்லருக்குப் போவேன் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் என்னைத் தலைக்குக் குளிக்கச் சொன்னார். துண்டைச் சுற்றிக்கொண்டு பைக்கில் ஏறச் சொன்னார். ரதவீதியில் எங்களைச் சைக்கிள்காரர்கள் எல்லாம் முந்திக்கொண்டு போனார்கள். வேகமாக ஓட்டினால் வழியிலேயே காய்ந்து கணக்குத் தப்பிவிடுமாம். கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்து, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, தலையின் இரண்டு பக்கமும் அளவாக ஊற்றினார். தாவீது அண்ணாச்சி தன் டைல்ஸ் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் நடுவகிடு எடுத்து முடியை இரண்டாகப் பிரித்தார்.

"வகிடுதான் வரப்பு, அண்ணாச்சி. அந்தப் பக்கம் கறுப்பு, இந்தப் பக்கம் செவப்பு. ஒரே மண்ணு, ஒரே தண்ணி. பொய் சொல்லாதுல்லா."

கடையில் வேலை பார்க்கிற பெண் ஒரு டிரையரைப் பிடிக்க வந்தாள். கை மாறினால் காற்றும் மாறும் என்று அவளை விலக்கிவிட்டு, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றார். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பூக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு வசதியாக நின்று பார்த்தாள். எனக்கு மானம் போனது. ஆனாலும் வலது பக்கம் சிவப்புக் காற்றில் முடி பொலுபொலுவென்று பறக்க ஆரம்பித்தது, இடது பக்கம் இன்னும் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? சிவப்பையே வாங்கிவிடலாம் என்றேன்.

"பொறு சித்ரா. மண்ணு ஒண்ணுதான், பயிரு வலது பக்கம் நெருக்கம் கொறவால்லா இருக்கு. பக்கம் மாத்தி இன்னொரு தடவ பாத்திருவோம்."

டிரையர்களை மேசைமேல் வைத்துவிட்டு, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் காய்ந்த பக்கத்தின் மேல் ஊற்றினார்.

அந்த நேரத்தில், மகள் கல்யாணத்துக்குச் சாமான் வாங்கக் கடையநல்லூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா முன்னால் வந்து, மேசைமேல் இருந்த சிவப்பைக் கையில் எடுத்தார். இனி என்னத்தைப் பார்க்க, அதுதான் கண்ணுக்கு முன்னால் காய்ந்ததே என்று சொல்லிப் பணத்தை நீட்டினார். சிவப்பில் அந்த ஒன்றுதான் இருந்தது. அடுத்தது எப்போது வரும் என்று தாவீது அண்ணாச்சிக்கே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் காலிப் பாட்டிலோடு நின்றார்.

நான் எழுந்தேன். இப்போது இரண்டு பக்கமும் சொட்டியது. வாய் திறந்தால் ஊரே கேட்கும்படி ஏசிவிடுவேன் என்று பயந்து, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தேன். எதிரே பார்லர். கண்ணாடிக் கதவில் கை வைத்தபோது பின்னால் அவர் ஓடிவந்தார். இரண்டு கையிலும் இரண்டு அட்டைப்பெட்டி. இரண்டும் கறுப்பு.

ஓடவிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"இல்ல." அவருக்கு மூச்சு வாங்கியது. "வெட்டாத சித்ரா. அது இல்லாத ஒன்ன என்னால நெனச்சுப் பாக்க முடியல. ரெண்டு கையிலயும் பிடிச்சு நானே காய வைக்கேன். ஈரத்தலையோட ஒன்ன பஸ் ஏறவிட மாட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்திரத்தில் வந்த அழுகை என்றுதான் அவரிடம் சொன்னேன்.

தலைக்குக் குளிக்கிற நாளெல்லாம் இப்போது அவர் எனக்குப் பின்னால் நிற்கிறார். காதுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடுகிற மாதிரி இரைச்சல். அதையும் மீறி மக்காச்சோளத்தைப் பற்றிக் கத்திக் கத்திப் பேசுகிறார். எனக்கு பஸ் தவறுவதில்லை. அவர்தான் கடைக்குப் பிந்திப்போய் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

போன வெள்ளிக்கிழமை அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது தாவீது அண்ணாச்சி போன் செய்தார், நான் எடுத்தேன். சிவப்பு வந்துவிட்டது, எடுத்து வைக்கட்டுமா என்றார். வேண்டாம் அண்ணாச்சி, வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்றைக்கு மழை இல்லை, முடி சீக்கிரமே காய்ந்துவிட்டது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"காஞ்சிட்டா?" என்று கேட்டார்.

இன்னும் இல்லை என்றேன். தொட்டுக்கூடப் பார்க்காமல் நம்பிவிட்டார்.